நாலு விரல் ஜன்னல்

சென்னியப்பன் ஆசானிடம் கேட்டார்.

"என் தம்பி மேல எனக்குக் கோபம் இல்லீங்க. பதினோரு வருஷமா அவனை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்ல. அப்படீன்னா மன்னிச்சுட்டேன்னுதானே அர்த்தம்?"

ஆசான் வானத்தைப் பார்த்தார்.

"மழை வருது. கட்டை நனையும். எடுத்து உள்ள போடுங்க."

சென்னியப்பன் எடுத்துப் போட்டார். திரும்பி வந்து பதிலுக்காக நின்றார். ஆசான் குடையை விரித்துக்கொண்டு பக்கத்து ஊரில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று புதன்கிழமை. கிழமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு கோத்தகிரிக்கு மேலே இருந்தது. கூடத்தில் மட்டும் ஒரு கணப்பு. மற்ற அறைகளில் சுவரைத் தொட்டால் கை விறைக்கும். ஆசானுக்கு ஐம்பத்திரண்டு வயது. சீடர் சென்னியப்பனுக்கு அறுபத்து மூன்று. அதில் ஒன்றும் இல்லை. தெரியாதவர் தெரிந்தவரிடம் வந்தார்.

கணப்பு சென்னியப்பனின் பொறுப்பு. கீழ் வளைவில் மரியசூசை தச்சுப் பட்டறை வைத்திருந்தார். நிலை, கதவு, ஜன்னல் செய்து மிஞ்சிய துண்டுக் கட்டைகளைச் சாக்கில் கட்டி வெளியே வைப்பார். சென்னியப்பன் சுமந்துகொண்டு வருவார். வந்ததும் பிரிப்பார். பெயிண்ட் பட்டது ஒரு பக்கம், பிளைவுட் ஒரு பக்கம்; இரண்டும் நெருப்புக்கு ஆகாது. தேக்குத் துண்டு பற்றவைக்க. பலா சுள்ளென்று எரிய. வேங்கை கடைசியில். வேங்கை எரிந்து முடிந்தால் கங்கு அரை நாள் நிற்கும். புகை வராது. நாற்றம் வராது. சும்மா சிவந்துகொண்டு கிடக்கும்.

விருந்தாளி வந்தால் அந்தக் கங்கை இரும்புச் சட்டியில் அள்ளி அவர் அறையில் வைப்பது வழக்கம். அதற்கு ஆசான் ஒரு சட்டம் வைத்திருந்தார். அந்த வீட்டில் இருந்த ஒரே சட்டம் அதுதான். ஜன்னல் நாலு விரல் திறந்திருக்க வேண்டும். ஏன் என்பதை விருந்தாளியிடம் வாயால் சொல்ல வேண்டும். சட்டியை வைக்கிறவரே சொல்ல வேண்டும்.

சென்னியப்பன் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்.

"கங்கு காத்தைத் தின்னுமுங்க. ஜன்னலைச் சாத்தினா ஆளையும் தின்னும்."

தபால்காரர் ஒரு மழை நாளில் ஒதுங்கினார். அவரிடமும் சொன்னார். காது கேட்காத ஒரு பெரியவர் வந்தார். அவர் தலையாட்டும் வரை நாலு தடவை கத்திச் சொன்னார். மறந்ததே இல்லை.

இன்னொன்று. திங்கள்தோறும் சென்னியப்பன் மௌன விரதம். ஆசான் சொல்லி எடுத்ததில்லை. அவராக எடுத்தது. ஒரு ஈட்டி மரத் துண்டை இழைத்து, 'இன்று மௌனம்' என்று உளியால் செதுக்கி, கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்.

அந்தப் புதன்கிழமை பத்து மணிக்கு அவர் விறகுக் கொட்டகையில் நின்று வேங்கைத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பாதையில் ஒரு ஆள் ஏறி வந்தார். கையில் ஒரு பை. குடை காற்றில் மடங்கியிருந்தது. நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, நின்று நின்று வந்தார்.

தம்பி நாச்சிமுத்து.

சென்னியப்பன் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். பின்வாசல் வழியாக உள்ளே போனார். ஆணியில் தொங்கிய பலகையை எடுத்துக் கழுத்தில் மாட்டினார்.

சமையல் செய்யும் மாதியம்மா பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது? இன்னிக்குப் புதன்கிழமை."

சென்னியப்பன் உதட்டில் விரலை வைத்தார்.

"கிழமை மறந்துபோச்சா, இல்ல பேச்சு மறந்துபோச்சா?"

அவர் வாசலுக்குப் போய்விட்டார்.

நாச்சிமுத்து படியில் நின்றார். அண்ணனைப் பார்த்ததும் அவர் முகம் கோணியது.

"அண்ணா."

சென்னியப்பன் கைகூப்பினார். சிரித்தார். பலகையைத் தொட்டுக் காட்டினார்.

நாச்சிமுத்து படித்தார். மறுபடியும் படித்தார்.

"ஓ, விரதமா. சரிண்ணா. இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானே?"

சென்னியப்பன் ஒரு விரலைக் காட்டினார்.

"உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். நான் சொன்னா நீ பதில் பேசணுமில்ல. பேசாத ஆள்கிட்ட எப்படிச் சொல்றது? பரவால்ல. நாளைக்குச் சொல்றேன்."

சென்னியப்பன் தலையசைத்தார். துண்டு கொடுத்தார். தன் வேட்டியையும் சட்டையையும் கொடுத்தார். மாதியம்மாவிடம் சைகை காட்டிச் சுக்குக் காப்பி வாங்கித் தந்தார். எதிலும் குறை வைக்கவில்லை. பார்த்தவர்கள் பாசம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன் அப்பா செத்தபோது சென்னியப்பன் நாக்பூரில் வேலையில் இருந்தார். தந்தைக்கு மூத்த மகன் கொள்ளி வைக்க வேண்டும். ரயில் ஒரு பகல் தாமதம். பஸ் மாறிக் காங்கேயத்தில் இறங்கி நேரே சுடுகாட்டுக்கு ஓடினார். சிதை பாதி எரிந்திருந்தது. வாசலில் தம்பி மொட்டைத் தலையோடு நின்றான். அந்த மொட்டையைப் பார்த்தார். கொள்ளி வைத்தவன் அவன்தான் என்று முடிவுகட்ட அது போதுமாக இருந்தது. ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி அடுத்த பஸ் ஏறிவிட்டார். கருமாதிக்கும் இருக்கவில்லை. வேலையை விட்டார். மலைக்கு வந்தார்.

நாச்சிமுத்துவுக்குக் குளிர் தாங்கவில்லை. பல் அடித்துக்கொண்டது.

"கொஞ்சம் படுத்துக்கறேண்ணா."

சென்னியப்பன் விருந்தாளி அறையைத் திறந்துவிட்டார். இரண்டு கம்பளி போட்டார். கணப்பிலிருந்து நல்ல வேங்கைக் கங்காகப் பார்த்துச் சட்டி நிறைய அள்ளி வந்து கட்டில் பக்கத்தில் வைத்தார். ஜன்னலை நாலு விரல் திறந்தார். காற்றில் அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஆப்பு எப்போதும் அங்கே கிடக்கும். பலாத் துண்டு. அதை எடுத்துச் சந்தில் செருகினார்.

தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார்.

சென்னியப்பன் கைகூப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

மணி ஒன்று. மாதியம்மா சாப்பிடக் கூப்பிடப் போனாள். தட்டினாள். பதில் இல்லை. மழையில் கதவு உப்பி இறுகியிருந்தது. தோளால் இடித்துத் திறந்தாள்.

அறை கதகதவென்று இருந்தது. புகை இல்லை. நாச்சிமுத்து கட்டிலிலிருந்து பாதி சரிந்து கிடந்தார். ஒரு கை தரையில். வாயோரம் எச்சில் வழிந்திருந்தது.

மாதியம்மா போட்ட சத்தம் கீழே மரியசூசை பட்டறை வரை கேட்டது.

சென்னியப்பன் ஓடி வந்தார். முதலில் ஜன்னலைப் பார்த்தார். மூடியிருந்தது. சந்தில் ஆப்பு இல்லை. சட்டியைப் பார்த்தார். கங்குக்கு மேலே அந்தப் பலா ஆப்பு, முக்கால் கரிந்து கிடந்தது.

நாச்சிமுத்துவுக்குக் காற்று குத்தியிருக்கிறது. எழுந்திருக்கிறார். ஜன்னலில் ஏதோ ஒரு துண்டுக் கட்டை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து உருவியிருக்கிறார். ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருக்கிறார். கட்டையை வீணாக்குவானேன் என்று சட்டியில் போட்டிருக்கிறார். காங்கேயத்துக்காரருக்கு நெருப்பு என்றால் அடுப்பு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கி அவருக்குப் பழக்கம் ஏது?

"நிக்கறீங்களே! தூக்குங்க!"

சென்னியப்பன் குனிந்தார். தம்பியின் அக்குளில் கை கொடுத்தார். கழுத்துப் பலகை ஊசலாடித் தம்பியின் நெற்றியில் மடேரென்று மோதியது. இன்னொரு தடவை மோதியது.

"அந்தச் சனியனைக் கழட்டுங்க! பேர் சொல்லிக் கூப்பிடுங்க!"

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மாதியம்மா கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அது அறுந்தது. பலகையைத் தாழ்வாரத்துக்கு வெளியே வீசினாள்.

அப்போதுதான் ஆசான் சாவு வீட்டிலிருந்து வந்தார். தலை ஈரம். ஒன்றும் கேட்கவில்லை. காலைப் பிடித்தார். மூன்று பேருமாகத் தூக்கி முற்றத்தில், தூறலில், ஈர மண்ணில் கிடத்தினார்கள். நாச்சிமுத்துவின் மார்பு ஏறுகிறதா என்று தெரியவில்லை. ஆசான் காதை வைத்துப் பார்த்தார்.

"இருக்கு. கூப்பிடுங்க."

சென்னியப்பன் உதடு ஆடியது.

"கூப்பிடுங்கன்னு சொன்னேன்!"

"நாச்சீ..."

பதினோரு வருஷத்தில் முதல் முறை. அந்தக் குரலுக்குத் தம்பி கண் விழித்தார் என்று எழுத ஆசைதான். விழிக்கவில்லை. மரியசூசை ஜீப்பை எடுத்து வந்தார். ஏற்றினார்கள். மூன்றாவது வளைவில் ஜீப் குலுங்கியது. அப்போது நாச்சிமுத்து வாந்தி எடுத்தார். அண்ணன் மடியில்தான் எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்னப் பெண். முகமூடி மாட்டி ஆக்சிஜன் வைத்தாள். மாதியம்மா சொன்னதைக் கேட்டாள். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினாள்.

"யாரு சட்டியை வெச்சது?"

"நான்," என்றார் சென்னியப்பன்.

"வீடு எங்க?"

சொன்னார்.

"எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?"

"பதினோரு வருஷமுங்க."

"அப்ப உங்களுக்குத் தெரியும். புகை வந்தாலாவது இருமுவான், எழுந்து ஓடுவான். கங்குல அது கூட இல்ல. தூக்கத்துலயே போயிடுவான். இது தெரிஞ்சும் அவர்கிட்ட நீங்க சொல்லலையா?"

சென்னியப்பன் தம்பியின் முகமூடியைப் பார்த்தார்.

"இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா நான் ஆக்சிஜன் வெச்சிருக்க மாட்டேன். சர்ட்டிபிகேட்தான் எழுதியிருப்பேன். கேக்கறேன் இல்ல? ஊமையா நீங்க?"

"இல்லம்மா," என்றாள் மாதியம்மா. "விரதம்."

டாக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

காலையில் முகமூடியைக் கழற்றினார்கள். நாச்சிமுத்துவுக்குத் தலைவலி. வெளிச்சம் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அண்ணா, இன்னிக்கு வியாழக்கிழமையா?"

"ஆமா."

"விரதம் முடிஞ்சுதா?"

சென்னியப்பன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"முடிஞ்சுது."

"அப்பச் சொல்லிடறேன். நேத்தே போயிருந்தேன்னா உனக்குத் தெரியாமலே போயிருக்கும். அப்பாவுக்கு நான் கொள்ளி வெக்கல, அண்ணா."

"என்ன?"

"சித்தப்பா வெச்சார். சாயங்காலம் ஆயிடுச்சு, உடம்பு தாங்காதுன்னு ஊர்ல பிடிவாதம் பிடிச்சாங்க. என்னை வெக்கச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். அண்ணன் வருவாரு, அவரு கையில கொடுங்கன்னு வாசல்ல போய் நின்னுக்கிட்டேன். உனக்காகத்தான் நின்னேன். நீ வந்தே. பாத்தே. திரும்பிப் போயிட்டே."

"மொட்டை..."

"மகன் ரெண்டு பேரும் மொட்டை போடறதுதானே நம்ம வழக்கம். உனக்கும் சேத்து நாவிதர் அங்கயே உக்காந்திருந்தாரு."



"ஏண்டா சொல்லல?"

"எழுதினேனே. மூணு கடுதாசி போட்டேன். வந்துச்சா வரலையா?"

வந்தன. மூன்றும் வந்தன. உறையில் கையெழுத்தைப் பார்த்ததும், பிரிக்காமலே, தேக்குத் துண்டுக்கு அடியில் வைத்துப் பற்றவைத்திருந்தார். காகிதம் நன்றாகப் பிடித்தது. மூன்று தடவையும் அவருக்குக் கோபமே வரவில்லை. அதை ஒரு முன்னேற்றம் என்று கூட நினைத்திருந்தார்.

"அண்ணா, வந்துச்சா?"

சென்னியப்பன் எழுந்தார். செருப்பு மாட்டவில்லை. மாதியம்மா "எங்கங்க போறீங்க?" என்று கேட்டாள். அவர் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினார். பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. ஆறு கிலோமீட்டர் ஏற்றம். வெறுங்காலோடு ஏறினார்.

ஆசான் கொட்டகையில் இருந்தார். துண்டுக் கட்டைகளில் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக் குறடால் பிடுங்கிக்கொண்டிருந்தார். அது சென்னியப்பன் செய்யும் வேலை.

சென்னியப்பன் அப்படியே மரத்தூளில் உட்கார்ந்தார். சொன்னார். கொள்ளியைச் சொன்னார், கடுதாசியைச் சொன்னார், பலகையைச் சொன்னார். புதன்கிழமையைச் சொன்னார். ஆசான் ஆணி பிடுங்குவதை நிறுத்தவில்லை.

"ஐயா, நான் அவனைக் கொல்லவா பாத்தேன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னலைத் திறந்துதானுங்க வெச்சேன். ஆப்பும் வெச்சேன். சட்டப்படி எல்லாம் செஞ்சேன்."

"செஞ்சீங்க."

"ஒரு வார்த்தை. அதைத்தான்..."

"ம்."

"காது கேக்காதவருக்குக் கூட நாலு தடவை கத்தினேன், ஐயா. இவனுக்கு வாய் வரல. அது எப்படி? பதினோரு வருஷமா இங்க என்னதான் செஞ்சேன்?"

"கட்டை சுமந்தீங்க. நல்லாத்தான் சுமந்தீங்க."

சென்னியப்பன் இரண்டு கையாலும் முகத்தில் அறைந்துகொண்டார். ஆசான் தடுக்கவில்லை. அறைந்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ஐயா, எனக்கு ஒரு பிராயச்சித்தம் சொல்லுங்க. நாப்பத்தெட்டு நாள் மௌனம் இருக்கேன். சாப்பாடு ஒரு வேளை. தரையில படுத்துக்கறேன். யாரையும் ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்."

ஆசான் சிரித்தார். அவர் சிரித்து சென்னியப்பன் பார்த்ததில்லை. நல்ல சிரிப்பு இல்லை அது.

"ரொம்ப வசதியா இருக்கும்."

சென்னியப்பன் அறைபட்டவர் போல நிமிர்ந்தார்.

"உங்க தம்பி பக்கத்துல இப்ப யார் இருக்காங்க?"

"மாதியம்மா."

"ஏதாவது கேட்டாரா?"

"கடுதாசி வந்துச்சான்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"எழுந்து வந்துட்டேன்."

ஆசான் குறடைக் கீழே வைத்தார்.

"எப்ப டிஸ்சார்ஜ்?"

"மத்தியானமுங்க. ரெண்டு நாள் இங்க இருந்து தெம்பு வந்ததும் ஊருக்குப் போகட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"அந்த ரூம்லதான் படுப்பாரு. அது ஒண்ணுதான் இருக்கு. குளிரும். சட்டி வேணும். ஜன்னலை ஏன் சாத்தக் கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லியாச்சா?"

"டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மரியசூசை சொன்னாரு. மாதியம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. இனி அவனுக்கு நல்லாத் தெரியுமுங்க, ஐயா."

"நீங்க?"